மாடி அறையிலிருந்து கூடத்து டிவிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் கேம் ஆடும் கணினி மாடி அறையில் இருக்கிறது. பெரிய டிவி கீழே கூடத்தில். என் மகன் கார் பந்தயம் ஆடுவதை நாங்கள் பார்த்ததே கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வர்றேன்ப்பா" என்ற குரல் மட்டும் மாடியிலிருந்து வரும். அந்த ஆட்டத்தைக் கூடத்துக்கே கொண்டுவர முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

கணினியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. வால்வ் என்ற கேம் நிறுவனம் 2014-லேயே, கணினி கேம்களை வாங்கி ஆட உதவும் தன் ஸ்டீம் மென்பொருளில் இதற்கு வழி செய்துவிட்டது. மறு வருடம் ஸ்டீம் லிங்க் என்று கையடக்கமான பெட்டி ஒன்றையும் 50 டாலருக்கு விற்றது. 2018-இல் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் ஆப் இப்போது ஆண்ட்ராய்டு டிவியில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்லைட் என்று இன்னொரு ஆப்பும் உண்டு. அது திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கும் காசில்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். மாடியில் கணினி ஆட்டத்தை வரைகிறது. வரைந்த ஒவ்வொரு படத்தையும் கிராபிக்ஸ் கார்டு சுருக்கிக் கொடுக்க, அது ரௌட்டர் என்ற வைஃபை பெட்டி வழியாக டிவிக்குப் போகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. கையிலிருக்கும் கன்ட்ரோலரில் நாம் அழுத்துவது அதே வழியில் மாடிக்குத் திரும்புகிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி நொடிகூட இல்லை.

முதல் நாள் ராத்திரி வைத்துப் பார்த்தோம். வளைவு வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பொத்தானை அழுத்தி, கார் திரும்புவதற்குள் அது தடுப்புச் சுவரில் மோதியிருந்தது. மகன் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, "நான் மேலயே ஆடிக்கிறேன்ப்பா" என்று எழுந்து போய்விட்டான்.

அதே டிவியில், அதே வைஃபையில் சினிமா தடங்கலில்லாமல் ஓடுகிறதே என்று கேட்கலாம். சினிமாவில் அடுத்து வரப்போகும் காட்சிகள் முன்கூட்டியே வந்து டிவிக்குள் காத்திருக்கும். நடுவில் இரண்டு நொடி வரத்து நின்றாலும் நமக்குத் தெரியாது. ஆட்டத்தில் அடுத்த நொடி என்பது இன்னும் பிறக்கவே இல்லை. பையன் இடப்பக்கம் திருப்புவானா வலப்பக்கமா என்பது தெரிந்த பிறகுதானே கணினி அதை வரைய முடியும்? சேர்த்து வைக்க ஒன்றுமில்லை. அதனால் கொஞ்சம் தாமதித்தாலும் உடனே கண்ணில் படுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் இன்டர்நெட் பிளானை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படம் போவது ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு. அது வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. முழு எச்டி படத்துக்கு 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 20 மெகாபிட் அளவு போதும். அது தடையில்லாமல், சீராக வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சிக்கல் இரண்டு இடத்தில் இருந்தது. கணினியும் வைஃபையில், டிவியும் வைஃபையில். வைஃபை அலை போகும் பாதைக்குச் சேனல் என்று பெயர். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கணினி ரௌட்டரிடம் சொன்னதையே ரௌட்டர் மறுபடி டிவியிடம் சொல்ல வேண்டும். ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணம் போகிறது. அதுவும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது. ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அங்கே மூன்றுதான். இன்னொன்று, ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தோம். இரும்பைத் தாண்டி அலை எப்படி வரும்?

சரி, என்ன செய்தோம்? ரௌட்டரைக் கூடத்துக்கு, டிவிக்கு நேர் எதிரே கொண்டுவந்தோம். மாடிக் கணினியிலிருந்து படிக்கட்டுச் சுவரை ஒட்டி கிளிப் அடித்து, கணினியை ரௌட்டரோடு நேராக இணைக்கும் லேன் கேபிள் ஒன்றை இழுத்தோம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் தட்டைக் கேபிள் வாங்கிக் கதவிடுக்கில் விடலாம். டிவியை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினோம். அது சுவரைத் துளைப்பதில் சற்று பலவீனம்தான், ஆனால் கண்ணெதிரே ரௌட்டர் இருக்கும்போது அந்தக் கவலை இல்லை. அப்புறம் டிவி செட்டிங்கில் கேம் மோட். படத்தை மெருகேற்ற டிவி தானாகச் செய்யும் வேலைகளே தாமதத்தைக் கூட்டும். கேம் மோட் அவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும்.

மறுநாள் சாயங்காலம் மகன் மறுபடி ஆடினான். முதல் வளைவில் கார் வழுக்காமல் திரும்பியது. பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது சுற்றில் நாரைக் கீழே வைத்துவிட்டு, "டேய் கண்ணா, அந்த நீல வண்டி பின்னாடியே வரான், வழி விடாதே!" என்றார்.

வணக்கம்.