அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும்

(‘பெருகிவரும் கைப்பேசிச் செயலிகள் எளிய மக்களுக்குத் துணையா, சுமையா?’ என்ற தலைப்பில் பெங்களூரு அல்சூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சுமையே’ என்ற அணிக்காகப் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

என் அம்மா அல்சூர் சோமேசுவரர் கோயில் பக்கம் பூக் கட்டி விற்கிறார். விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப் பூ வாங்கி வருவார். முப்பது ஆண்டுகளாக நாரை இழுத்து முடிந்ததில் கட்டைவிரல் ரேகை தேய்ந்து, நுனி வழவழவென்று ஆகிவிட்டது. விரலை வைத்தால் திறக்கும் பூட்டைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். பாதி நேரம் அது அம்மாவை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

சென்ற மாதம் மூட்டுவலிக்காக ஒரு மருத்துவமனைக்குத் தனியாகப் போயிருந்தார். டோக்கன் கொடுக்கும் ஜன்னல் மூடிக் கிடந்தது. செயலியில் பதிவு செய்துகொண்டு வரும்படி கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார்கள். காவலாளி நல்ல மனிதர். கைப்பேசியை வாங்கிச் செயலியை இறக்கப் பார்த்திருக்கிறார். இடம் போதவில்லை என்றதும், “சில படங்களை அழிக்கட்டுமா அம்மா?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் சரி என்றிருக்கிறார். அழித்த பிறகும் அந்தப் பழைய கைப்பேசியில் செயலி ஓடவில்லை. அன்று இரவு நான் பார்த்தபோது என் மகனின் முதல் பிறந்தநாள் படங்கள் ஒன்றுகூட இல்லை. அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாளே, அவள் எங்கே போனாள்?”

நடுவர் அவர்களே, இந்தக் கேள்விக்கு எதிரணியில் பேசிய மூவரும் பதில் சொல்லவில்லை.

எதிரணித் தலைவர் யூபிஐ பற்றிப் பேசினார். 2016-இல் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்துவிட்டது என்றார். உண்மை. அம்மாவின் பூக்கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. சில்லறை இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆனால் 2025 ஜூலையில் இதே ஊரில் நடந்ததை அவர் சொல்லவில்லை. யூபிஐ வரவுக் கணக்கை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. உடனே பல பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். வரி சரியா தவறா என்பது இன்றைய தலைப்பு இல்லை. பயந்துபோன வியாபாரிக்கு ரொக்கம் என்று இன்னொரு வழி இருந்தது. அதனால் அன்றைக்கும் கடை நடந்தது. என் அம்மாவுக்கு அந்த மருத்துவமனையில் இன்னொரு வழி இல்லை.

செயலி பிறந்தபோது இப்படி இல்லை. 2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை 500 செயலிகள். முதல் வார இறுதியிலேயே 1 கோடிப் பதிவிறக்கங்கள் நடந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் கடை திறந்தது. விளையாட்டு, வரைபடம், பாட்டு என்று வேண்டியவர் வேண்டியதை ஏற்றிக்கொண்டார்கள். வேண்டாதவர் வாழ்க்கையும் குறையில்லாமல் ஓடியது.

விருப்பம் எப்போது கட்டாயம் ஆனது? நான் எட்டு ஆண்டுகளாகச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன்; அந்த உரிமையில் சொல்கிறேன். வாடிக்கையாளர் இணையதளப் பக்கத்தை மூடிவிட்டால் நிறுவனத்தின் கையை விட்டுப் போய்விடுவார். செயலி அப்படியல்ல. அது முகப்புத் திரையில் உட்கார்ந்திருக்கும். நாளுக்கு நான்கு முறை அறிவிப்பு அனுப்பும். அனுமதி கொடுத்துவிட்டால் இருக்கும் இடத்தையும் தொடர்பு எண்களையும் பார்க்கும். நிறுவனங்கள் செயலியை இறக்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். அதோடு, ஒவ்வொரு புதிய பதிப்பும் எந்த ஆண்ட்ராய்டு வரை ஓடும் என்று ஒரு கோடு போடுகிறோம். கோட்டுக்குக் கீழே இருக்கும் பழைய கைப்பேசிகள் விலக்கப்படுகின்றன. நாங்கள் கூட்டத்தில் அதைச் சில சதவீதம் என்று சொல்லிக் கடந்துபோவோம். அந்தச் சதவீதத்தில் என் அம்மா இருக்கிறார் என்பது எனக்குச் சென்ற மாதம்தான் உறைத்தது.

எதிரணியினர் இன்னொன்று சொன்னார்கள்: பிடிக்காவிட்டால் மக்களே ஒதுக்கிவிடுவார்கள், நிறுவனங்கள் திருந்திவிடும் என்று. அதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. துணி விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் இணையதளக் கடையை மூடிச் செயலியில் மட்டுமே விற்றது. அடுத்த ஆண்டே இணையதளத்தைத் திரும்பத் திறந்தது. சட்டை வாங்குகிறவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் அந்தக் கதவு திறந்தது. மூட்டுவலியோடு வந்து நிற்கும் பூக்காரம்மா எங்கே போவார்?

ஆட்டோ ஓட்டுநர்களுக்கு நம்ம யாத்ரி என்ற சவாரிச் செயலி வந்ததே என்றார்கள். வந்தது, நானும் மகிழ்ந்தேன். 2022-இல் ஓட்டுநர் சங்கமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தது, மற்ற செயலிகள் பிடித்த கமிஷனிலிருந்து தப்பிப்பதற்காக. ஒரு செயலியின் சுமையை இறக்க இன்னொரு செயலி வேண்டியிருந்தது என்றால், அது எங்கள் அணிக்கான சாட்சி.

இனி எதிர்காலம். தட்ட வேண்டாம், தமிழில் பேசினாலே போதும், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் முடித்துத் தரும் என்று கடைசியாகப் பேசிய தங்கை நம்பிக்கையோடு சொன்னார். அது வரட்டும். அம்மா பேசுகிற அல்சூர்த் தமிழில் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கும். அதையும் அது புரிந்துகொண்டால் நான் கை தட்டுவேன். ஆனால் அதுவும் கட்டாயமானால், இன்று கட்டைவிரலில் பட்ட பாட்டை நாளை குரலில் படவேண்டும். இருமலோடு வருகிறவர் என்ன செய்வார்? பேச்சு இழந்தவர்?

வேறு வழி வைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் பட்டன் கைப்பேசிக்காரர்களுக்கென்றே யூபிஐ 123பே வந்தது. இணையம் வேண்டாம், போன் செய்தே பணம் அனுப்பலாம். நினைத்தால் செய்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு அம்மாவுக்கு டோக்கன் கிடைத்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு கன்னடப் பெண்மணி தன் கைப்பேசியிலேயே பதிவு செய்து கொடுத்தார். அம்மா பையில் வைத்திருந்த ஒரு முழம் மல்லிகையை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மீண்டும் வரச் சொல்லியிருப்பது வருகிற வியாழக்கிழமை. நாளைக் காலை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போகிறேன். ஜன்னலைத் திறந்து அங்கே ஓர் ஆளை உட்காரவையுங்கள் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் அந்தத் தாள் இருக்கிறது. தீர்ப்பு எதுவானாலும், போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்து வராதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன். ரேகை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

வணக்கம்.