மழைக்கு ஒரு தாள்

வணக்கம் மக்களே. பின்னால் கொடியில் தொங்கும் நீலத் தாளைப் பார்த்து இப்போதே சிரிக்காதீர்கள், அதற்கு வருகிறேன்.

ஈவ் க்ளைன் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர். 1928இல் நீஸ் நகரத்தில் பிறந்தவர், 34 வயதிலேயே போய்விட்டார். 1960இல், சாயம் காயாத கேன்வாஸைத் தன் வெள்ளை சிட்ரோயன் காரின் கூரையில் கட்டிக்கொண்டு பாரிஸிலிருந்து நீஸுக்குக் கிளம்பினார். நாம் வீடு மாறும்போது மெத்தையைக் கட்டுவோமே, அது மாதிரி. 900 கிலோமீட்டருக்கு மேல், மணிக்கு நூறில் ஓட்டம். வெயில், காற்று, மழை எல்லாம் சேர்ந்து கேன்வாஸுக்கு ஒரே நாளில் முப்பது நாற்பது வருட வயதை ஏற்றிவிட்டன என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஆற்றங்கரை நாணல்மேல் சாயப்பொடியைத் தூவி, கேன்வாஸைக் காட்டிக்கொண்டு நின்றார். காற்றில் நாணல் சாய்ந்து சாய்ந்து தன் தடத்தைத் தானே பதித்தது. மழை வந்ததும் மழைக்கும் காட்டினார். இந்த ஓவிய வரிசைக்குக் காஸ்மோகோனி, அதாவது பிரபஞ்சத்தின் தோற்றம், என்று பெயர்.

"அவர் என்ன செய்தார், மழைதானே வரைந்தது?" என்று நானும்தான் கேட்டேன். நேற்று மேகம் திரண்டதும் கெட்டித் தாளில் சலவை நீலப்பொடியைத் தூவி மொட்டைமாடியில் வைத்தேன். க்ளைனுக்குப் பிடித்த அல்ட்ராமரின் என்ற அடர்நீலச் சாயமும் பழைய சலவை நீலமும் ஒரே குடும்பம். முதல் துளி விழுந்த இடத்தில் பொடி விலகி, நடுவில் வெள்ளை, சுற்றிலும் நீலக் கரை. பொட்டுக்கடலை அளவுதான், அவ்வளவு அழகு! காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வருவதற்குள் தாள் வெளுத்துவிட்டது. நீலம் முழுக்கத் தண்ணீர்க்குழாய் வழியே கீழ்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அங்கே வாங்கிய திட்டை எடிட்டிங்கில் வெட்டிவிட்டேன்.

இரண்டாவது தாளை இருபது எண்ணியதும் உள்ளே இழுத்தேன். அதுதான் கொடியில் இருப்பது. எப்போது எடுப்பது என்பதில்தான் ஓவியர் வேலை பாதி இருக்கிறது போல.

சரி, இந்த மூலையைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். மூன்று கோடு, மூன்று கோடு. காலையில் காயவைத்தபோது காக்கை நடந்துவிட்டது. க்ளைனுக்குப் பறவைகளே ஆகாது. இளவயதில் நீஸ் கடற்கரையில் படுத்தபடி வானத்தையே தன் ஓவியம் என்று கையெழுத்திட்டவர் அவர். அதில் இதுகள் ஓட்டை போடுகின்றனவாம். நான் இதை அழிக்கப் போவதில்லை.