குடியும் மனநோயும் சேர்ந்து இருந்தா எங்க போகணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "தம்பிக்கு 31 வயசு. அஞ்சாறு வருஷமா தினமும் குடிக்கிறான். ஆறு மாசமா யாரோ தன்னைக் கொல்ல வர்றாங்கன்னு சொல்றான், தனியா பேசுறான். மறுவாழ்வு இல்லத்துல 'இது மனநோய், எங்களால முடியாது'ன்னாங்க. மனநல டாக்டர் 'முதல்ல குடியை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க'ன்னார். நாங்க எங்கதான் போறது?"

உங்களை இப்படி அலைய விட்டது தப்பு. ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல பார்க்கணும். அந்தப் பயத்தை அடக்கவே குடிக்கிறவங்க நிறைய பேர். குடிக்கக் குடிக்க பயம் கூடுது, மாத்திரையும் சரியா வேலை செய்யாது. 2017 மனநலச் சட்டத்துலயே, குடியாலும் போதைப்பொருளாலும் வர்ற மனக்கோளாறு மனநோய்ங்கற விளக்கத்துக்குள்ள வருது. அதனால, "குடியை விட்டுட்டு வா"ன்னு யாரும் சொன்னா, தயங்காம இதைச் சொல்லிக் கேளுங்க.

எங்க போறதுன்னா, உங்க மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு. காலையில ஓபி சீட்டு போட்டாப் போதும். ஏன் அங்கன்னா, வலிப்பு வந்தாலோ ஈரல் கெட்டிருந்தாலோ பார்க்குற பொது மருத்துவப் பிரிவும் அதே வளாகத்துல இருக்கும். மருத்துவக் கல்லூரி தூரமா இருந்தா பக்கத்து ஜி.எச்.ல, மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை வர்றார்னு விசாரிங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே 14416க்கு போன் பண்ணலாம். டெலி மனஸ்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். தம்பிதான் பேசணும்னு இல்ல, நீங்களே பேசலாம். போதைக்குன்னே தனியா இருக்கற எண் 14446.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. "வீட்டுல பூட்டி வெச்சு நாலு நாள் குடிக்க விடாம பார்த்துக்கிட்டா சரியாயிடும்"னு மட்டும் நினைச்சுடாதீங்க. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவருக்கு மூளை சாராயத்துக்குப் பழகிப்போயிருக்கும். சாராயம் மூளையை அமுக்குது. அதைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கு. திடீர்னு நிறுத்தினா அந்த வேகம் மட்டும் மிச்சம் நிக்கும். கடைசியா குடிச்ச 6 மணி நேரத்துலேர்ந்து கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது மூணாவது நாள் ஆள் தெரியாம உளறுவார், இல்லாத பூச்சி ஊர்றதா சொல்வார், காய்ச்சல் அடிக்கும். இது உயிருக்கே ஆபத்து. 108ஐக் கூப்பிடுங்க. இதைப் பேய் பிடிச்சதா நினைச்சு வேற எங்கேயோ கூட்டிட்டுப் போயி நேரத்தை இழக்குறவங்க இருக்காங்க.

ஆஸ்பத்திரியில நடுக்கத்தை அடக்குற மாத்திரையை அதிக அளவுல ஆரம்பிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியா குறைப்பாங்க. கூடவே பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க. "உடம்பு சோர்வா இருக்கு"ன்னு பக்கத்துத் தெரு கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்திக்காதீங்க. பி1 குறைஞ்ச உடம்புல அது மூளையை நிரந்தரமா பாதிக்கலாம்.

டாக்டர்கிட்ட போகும்போது ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியா குடிச்சது எத்தனை மணிக்கு, முன்னாடி வலிப்பு வந்திருக்கா, கஞ்சா உண்டா, தூக்க மாத்திரை உண்டா. வீட்டுல கிடக்கற மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு போங்க. முக்கியமா, பயமும் தனிப்பேச்சும் குடிக்கு முன்னாடியே இருந்ததா, பிறகு வந்ததா, குடிக்காத வாரங்கள்லயும் இருந்ததான்னு எழுதுங்க. குடியால மட்டும் வந்ததுன்னா, நிறுத்தின சில வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். அடங்கலைன்னா தனி மனநோய், அதுக்கு நீண்ட நாள் மருந்து வேணும். வெட்கப்பட்டுக் குடியை மறைச்சா டாக்டரால இதைப் பிரிச்சுப் பார்க்கவே முடியாது.

அடுத்து, குடியை நிறுத்த "தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு விக்கிற மருந்து. டைசல்ஃபிரம்ங்கறது, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து. அது உள்ள மாத்திரையை அவருக்குச் சொல்லாம கலந்து குடுத்து, அது தெரியாம அவர் குடிச்சா, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிரே போகலாம். நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல வேலை செய்யும். அவர் சம்மதம் இல்லாம குடுக்கவே கூடாது. மனநோய் அறிகுறி இருக்கறவருக்கு அது பொதுவா உகந்ததும் இல்ல.

தனியார் மையம்னா, மாநில மனநல ஆணையத்துப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. மனநல டாக்டர் எந்தெந்த நாள் வர்றார், வீட்டுக்காரங்க பார்க்கலாமான்னு கேளுங்க. ராத்திரி வண்டியில வந்து கட்டித் தூக்கிட்டுப் போறோம்னா வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநோயாளிகளை வெச்சிருந்த ஒரு காப்பகத்துல, 2001 ஆகஸ்ட்ல சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் தீயில செத்தாங்க. இப்ப சங்கிலி சட்டப்படி முழுசா தடை. ஆபத்தான நிலையில வர மறுக்கிறவரைச் சேர்க்க சட்டத்துலயே வழி இருக்கு: ரெண்டு நிபுணர்கள் தனித்தனியா பரிசோதிச்சு, 30 நாள் வரைக்கும்.

அவர் வரமாட்டேன்னா, போதை இல்லாத காலை நேரத்துல பேசுங்க. "யாரும் உன்னைக் கொல்ல வரல"ன்னு வாதாடாதீங்க. "தூங்காம கஷ்டப்படுற, அதுக்கு டாக்டரைப் பார்க்கலாம்"னு சொன்னா பல பேர் வருவாங்க. அப்பவும் வரலைன்னா நீங்க மட்டும் ஓபிக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்க.

சாகணும்னு பேசினா, "சாகற எண்ணம் வருதா"ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால எண்ணம் வந்துடாது. பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாம எடுத்துடுங்க, தனியா விடாதீங்க.

நல்லாகி வந்த பிறகு மறுபடி ஒரு நாள் குடிச்சுட்டார்னா, "குடிச்சிருக்கான், மருந்து வேண்டாம்"னு வீட்டுல நீங்களா பயத்துக்கான மாத்திரையை நிறுத்திடாதீங்க. அந்த வாரமே ஓபிக்குப் போய் குடிச்சதைச் சொல்லுங்க. எந்த மாத்திரையைத் தொடரணும், எதை நிறுத்தி வைக்கணும்னு டாக்டர் சொல்வார்.