ஏழு கார், ஏழு வாத்தியார்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கத்தையே கண்கலங்க வைத்துவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, இரண்டு அணிக்கும் பாரபட்சமில்லாமல் கைதட்டும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். "கார்ப் பிரியருக்கு நிறைவு தருவது ஒரே காரைக் காலமெல்லாம் வைத்திருப்பதா, மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதா?" மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் ஏழு கார் வாங்கி ஆறு கார் விற்றவன். அதனால் இந்த வழக்கில் வக்கீலும் நான்தான், கூண்டில் நிற்பவனும் நான்தான்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே, "கார் என்பது வாழ்க்கைத் துணை மாதிரி. அடிக்கடி மாற்றுகிறவனுக்கு ஊரில் வேறு பெயர்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். முன்வரிசையில் இருக்கும் என் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். ஐயா, உங்கள் உவமையிலேயே கோளாறு இருக்கிறது. கார் துணை இல்லை, வாத்தியார். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் தங்கமானவர். கையைப் பிடித்து எழுதப் பழக்கியவர். இன்றைக்கு எதிரே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவேன். அதற்காக அவர் வகுப்பிலேயே நாற்பது வயது வரை உட்கார்ந்திருந்தால் அதை விசுவாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபெயில் என்பார்கள்.

என் முதல் கார் என்னிடம் வந்தபோது அது நாலாவது கை. கம்பெனி பெயர் வேண்டாம். யாரையும் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை. டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும். குளிர்ந்த காலையில் அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சோக் குமிழை முழுசாக வெளியே இழுக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிக்க வேண்டும், பிறகு சாவி. இன்ஜின் உடம்பைக் குலுக்கிக்கொண்டு எழுந்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ள வேண்டும், சூடேறியதும் மீதியை. மறந்தால் பெட்ரோல் வாடையும் கரும்புகையும், சாயங்காலம் பிளக்கைக் கழற்றித் துடைக்கிற வேலையும் கூடவே வரும். எவ்வளவு உள்ளே தள்ளுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. காது சொன்னது.

அதை விற்றுவிட்டு இரண்டாவது கார் வாங்கினேன். அதற்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் ஒரு மாதம் வரைக்கும் என் இடது கை தானாகவே போய் டேஷ்போர்டில் அந்தக் குமிழைத் தேடியது. புதிய காரில் அந்த இடத்தில் இருந்தது ரேடியோ. தினமும் காலையில் அக்கம்பக்கத்தை எழுப்பியது நான்தான்.

அந்த ஒரு மாதத்தில்தான் சோக் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். பழைய காரில் அதை நான் செய்தேன். புதிய காரில் ஒரு சென்சார் சூடு பார்த்துச் சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்தது. முதல் காரையே முப்பது வருஷம் வைத்திருந்தால் சோக் எனக்கு வெறும் பழக்கமாகவே போயிருக்கும். ஒரே பாஷை தெரிந்தவனுக்குத் தன் பாஷையில் இலக்கணம் இருப்பதே தெரியாது, நடுவர் அவர்களே. அடுத்த பாஷை கற்கப் போகும்போதுதான் "அட, நாம் வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறோமே" என்று திகைப்பான்.

இதற்குப் பெரிய உதாரணம் ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கு மேல் செய்தார்கள். அதில் மூன்று பெடல். சரி, கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று நினைப்பீர்கள். இல்லை! இடது பெடல்தான் கியர்: முழுசாக மிதித்தால் கீழ் கியர், விட்டால் மேல் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் கையில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல். வாழ்நாள் முழுக்க அதை மட்டுமே ஓட்டிய ஒருவர் இருந்தால் அவரைக் கும்பிடலாம். ஆனால் அவரிடம் உங்கள் கார் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் பிரேக் போடுவதாக நினைத்து மிதிக்கப்போவது எதை? அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

கார் ஆசாமிகள் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்களா? "என்னிடம் ஒன்று இருந்தது" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். "இருந்தது" என்றால் கைமாறிவிட்டது என்று அர்த்தம். ஒருவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைப் பற்றிச் சொல்வார். ஆரம்பகாலத்து பீட்டிலில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே கிடையாது. இன்ஜின் திணறினால் காலடியில் இருக்கும் குழாயைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் முன்கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சியது எது தெரியுமா? ஸ்டெப்னி டயரில் இருந்த காற்று! அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த மினியைப் பற்றி இன்னொருவர் ஆரம்பிப்பார். 10 அங்குல சக்கரம், குறுக்கே படுத்த இன்ஜின், அதன் அடியிலேயே கியர்பாக்ஸ், இரண்டுக்கும் ஒரே ஆயில். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்ததால் ஆரம்பத்து மினிகள் பலத்த மழையில் நனைந்து நின்றுபோகும். அதற்கு ரப்பர் கையுறை மாட்டிவிட்டவர்கள் உண்டு. மூன்றாமவர் 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் என்பார். ஸ்டார்ட் செய்தால் படுத்திருந்த பசு எழுவதுபோல அந்தக் கார் மெல்ல எழுந்து நிற்கும். பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ் இருக்கும்.

ஒரே காரை வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் என்ன செய்வார்? தலையாட்டுவார். அவருக்கும் ஒரு கதை உண்டுதான். அதைப் போன தடவையே சொல்லிவிட்டார்.

ஓட்டுகிற கைக்கும் இதே கதைதான். முன்சக்கரம் இழுக்கும் காரில் வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டால் மூக்கு வெளியே தள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடும். அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, இன்ஜின் பின்னால் இருக்கும் பழைய போர்ஷே 911இல் ஏறி, வளைவு நடுவில் காலை எடுங்கள்; பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே செயலுக்கு இரண்டு பதில். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன் எடைகூட இல்லாத சின்னக் கார். எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு கோணல் கார்களை ஓட்டியவன்தான் அதில் ஏறியதும் "ஆஹா" என்பான். நேராக அதில் ஏறியவன் "இதில் என்ன விசேஷம், கார் இப்படித்தானே போகும்" என்பான்.

இனி எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் இர்வ் கார்டன். 1966இல் ஒரு சிவப்பு வால்வோ பி1800 வாங்கினார். அதே காரில் 2013இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார், ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். வழியில் இன்ஜினைப் பிரித்துக் கட்டியும் ஓட்டியவர். இந்தக் கதையை எங்கள் எதிரணித் தலைவர் சொன்னபோது நானே எழுந்து நின்று கைதட்டினேன், பார்த்தீர்கள். ஆனால் கார்டன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கின்னஸ் புத்தகத்தில். எல்லாராலும் முடிகிற காரியத்தை அந்தப் புத்தகத்தில் போடுவதில்லை ஐயா. இன்னொன்று, அவர் தொழிலே பள்ளிக்கூட ஆசிரியர். வாத்தியாருக்கு எதற்கு இன்னொரு வாத்தியார்?

அடுத்து வந்த தம்பி, அமெரிக்க டிவி நகைச்சுவையாளர் ஜே லெனோவைச் சொன்னார். "வாங்கிய காரை விற்கவே மாட்டார்" என்று. விற்க மாட்டார் என்பது சரி. எத்தனை கார் வைத்திருக்கிறார் என்பதைத் தம்பி ஏன் விழுங்கிவிட்டார்? நூற்றுக்கும் மேல்! ஒன்றோடு நிற்க முடியாத மனுஷன் அவர். இடம் இருந்தது, அதனால் விற்கவில்லை. அவர் எங்கள் அணி. தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிஜத்தில் "விற்கவே மாட்டேன்" என்று சபதம் செய்தவர்களின் காருக்கு என்ன ஆகிறது? இர்வ் கார்டன் மாதிரி ஓட்டினால் பிழைக்கும். முக்கால்வாசிப் பேர் அதை ஷெட்டில் நிறுத்தி, உறை போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை உறையைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கார் கெடுவது ஓட்டத்தால் மட்டும் இல்லை, நிறுத்தி வைத்தாலும் கெடும். தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் சின்னத் துளையை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளிருந்தே துரு பிடிக்கும். டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும். ரப்பர் சீல் காயும். எலிக்கு ஒயர் கிடைக்கும். இதற்குப் பெயர் காப்பாற்றுவதா? ஓட்டப்போகிறவன் ஒருவன் வெளியே காத்திருக்கும்போது?

"புதுக் கார் செய்ய எவ்வளவு இரும்பு, எவ்வளவு மின்சாரம்" என்றும் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. என் ஏழில் ஆறு செகண்ட் ஹேண்ட். நான் மாற்றுகிறேன் என்றேனே தவிர, நசுக்குகிறேன் என்று சொல்லவில்லை. போன வருஷம் வாங்கியதை இந்த வருஷம் நிறம் பிடிக்கவில்லை என்று கொடுத்துவிட்டு ஷோரூமில் நிற்பவர் எங்கள் அணியில் கிடையாது. வேண்டுமானால் எதிரணி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சபையைக் கண்கலங்க வைத்த அந்த வரி: "விற்றவர்கள் எல்லாரும் ஒருநாள் அழுகிறார்கள்." அழுகிறோம். மறுக்கவில்லை. என் நாலாவது காரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அதை ஆறு மாதம் அவசரப்பட்டு விற்றேன். ஆனால் அழுகிற எந்தக் கார்ப் பிரியரிடமும் ஒரு காகிதத்தைக் கொடுங்கள். வைத்திருந்த கார்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், "சரி, முதல் காரை விற்காமலே இருந்திருக்கலாம். அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். பேனா நகராது. ஒன்றை விற்ற காசுதான் அடுத்ததை வாங்கியது. நாலாவதை விற்றிருக்காவிட்டால் ஐந்தாவது இல்லை. ஐந்தாவதில்தான் என் மகள் கிளட்ச் பழகினாள்.

நடுவர் கை மணிக்குப் பக்கத்தில் போகிறது. ஒரே ஒரு நிமிஷம். நாலாவது காரை வாங்கிய பையனுக்குச் சாவியைக் கொடுக்கும்போது அரைமணி நேரம் பேசினேன். பானெட்டை முட்டியால் லேசாக அழுத்திக்கொண்டு லீவரை இழு, இரண்டாவது கியருக்குப் போகும்போது அவசரப்படாதே, டிக்கி விளக்கு எரியாவிட்டால் தட்டு, எரியும். போன மாதம் ராத்திரி அவனிடமிருந்து போன். "அண்ணா, இன்ஜினில் புதுசாக ஒரு சத்தம். பயமாக இருக்கிறது." போனை பானெட்டுக்குள் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். நான் இருட்டில் படுக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டேன். டக், டக், டக்... இன்ஜின் வால்வுகளைத் தள்ளும் டாப்பெட்டின் சீரான சத்தம். "புதுசு இல்லை தம்பி, அது எப்போதும் பேசுவதுதான். இன்னும் இரண்டு நிமிஷம் போ, சூடானதும் அடங்கும்" என்றேன். அவன் கட் செய்யவில்லை. அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மணி அடித்துவிட்டார். வணக்கம்.