தச்சன் குடிசையில் புத்தர்

(பெரம்பூரில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் ரயில் பெட்டிப் பட்டறையான கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அதனால் புத்தரின் முகத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் கூரை.

மகாராஷ்டிரத்தில் எல்லோராவில் பத்தாம் எண் குகை, மலையைக் குடைந்த பௌத்த வழிபாட்டுக் கூடம். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். பழைய மரப்பெட்டி ரயிலின் கூரை மாதிரி, வளைந்த சட்டங்கள் வரிசையாக ஓடும். ஒன்றுகூட மரமில்லை. எல்லாம் மலையோடு சேர்ந்த கல், எந்தப் பாரத்தையும் தாங்காத சட்டங்கள். பிறகு எதற்குச் செதுக்கினார்கள்? முன்னே மரத்தில் கட்டிய கூடங்களின் ஞாபகம்தான். ஊர்க்காரர்கள் இதைத் தச்சன் குடிசை என்றே சொல்கிறார்கள்.

அதே மகாராஷ்டிரத்தில், இதைவிடப் பழைய கார்லே பௌத்தக் குகையில் இன்னும் வேடிக்கை. கல்லைக் குடைந்து முடித்துவிட்டு, நிஜ மரச் சட்டங்களையே கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். சுமார் 2,000 வருஷம் ஆகியும் அவை இருக்கின்றன. நம் வீட்டு நிலைக்கதவை 20 வருஷத்தில் கரையான் முடித்துவிடுகிறது!

அந்தக் கார்லேக் கூடம் ஏறக்குறைய 124 அடி நீளம். கோடியில் ஸ்தூபி, அதாவது புத்தரின் நினைவாக வணங்கும் குவிந்த மேடு, மட்டும்தான். முகப்பில் உள்ள புத்தர் உருவங்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. தொடக்க காலச் சிற்பிகள் அவரை ஆளாகக் காட்டவில்லை. காலியான ஆசனம், பாதச்சுவடு, போதி மரம், அவ்வளவுதான். இதைப் பார்க்க மகாராஷ்டிரம் போகவேண்டாம், எழும்பூர் மியூசியத்தில் ஆந்திரத்து அமராவதி ஸ்தூபியின் சிற்பக் கற்களே இருக்கின்றன. பஸ் ஏறினால் போதும், நாம்தான் போவதில்லை.

சரி, எல்லோராவுக்குத் திரும்புவோம். இது ஏழாம் நூற்றாண்டு. இங்கேயும் ஸ்தூபி உண்டு, ஆனால் அதன் முன்னால் பெரிய புத்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். சம்மணம் போடவில்லை, நாற்காலியில் உட்காருவது போலக் கால்களைத் தொங்கவிட்டிருக்கிறார். இரு கைகளும் நெஞ்சருகே. அறம் உரைக்கும் முத்திரை அது. புத்தர் என்றாலே கண்ணை மூடிய தியானம் என்று கடைப் பொம்மைகள் நம்மைப் பழக்கிவிட்டன. இவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

போகிறவர்கள் முன்பக்க மாடத்துக்கும் ஏறுங்கள். கூரைச் சட்டங்கள் அங்கே கிட்டத்தில் தெரியும். இழைப்புளி ஓட்டிய மரமா, கல்லா என்று எனக்கு அங்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது.