கை வேலையாக இருக்கும்போது ஒரு கதை

ஒரு நாள் மத்தியானம் சோற்றில் கை வைத்திருக்கிறேன், போன் அடிக்கிறது. எங்கள் லைனில் இருக்கிற ஒரு பாட்டி. "மக்கா, எனக்க பெட்டியில என்னமோ கோளாறுடே. அந்தப் பிள்ளைக்க மூஞ்சி வேற மாதிரி தெரியுது" என்றார். சிக்னல் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே உறைந்து நிற்கும், சத்தம் விட்டுவிட்டு வரும். மூஞ்சி மாறாது. விசாரித்த பிறகுதான் புரிந்தது, சீரியலில் நடிகையை மாற்றியிருக்கிறார்கள். "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்துப் போட்ட அந்தச் சில நொடியில் பாட்டி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேயர்களுக்கு வணக்கம். நான் எழுத்தாளன் இல்லை, வாத்தியாரும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கேபிள் டிவி லைன் பார்க்கிறவன். ரப்பர் மரம் சாய்ந்து வயர் அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். பகல் சீரியல்களை ஏன் இப்போது ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள் என்று ரேடியோவில் பேச வேண்டும் என்றபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். அப்புறம் யோசித்தால் சரி என்று பட்டது. கதை பிடிக்கவில்லை என்றால் சென்னையில் இருக்கிற டைரக்டருக்கு யாரும் போன் செய்ய முடியாது. என் நம்பர் எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறது. கல்யாணம் நின்றாலும், மாமியார் விஷம் வைத்தாலும், திட்டு எனக்குத்தான்.

பகலில் சீரியல் பார்க்கிறவர் என்றால், சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறவர் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்து பாருங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க உச்சி ஆகிவிடும். அப்புறம்தான் வீட்டு வேலை. மீன் விற்கப் போனவர் கூடையை இறக்கி வைப்பதும் அந்த நேரத்தில்தான். அண்டியாபீஸ், அதாவது முந்திரிப் பருப்பு ஆலை, திறக்காத நாளில் வீட்டில் இருக்கிறவர், தையல் மெஷினை மிதிக்கிறவர், மரச்சீனிக் கிழங்கு உரிக்கிறவர், இவர்களுக்காகத்தான் டிவி ஓடுகிறது. இவர்கள் அதைப் பார்ப்பது குறைவு, கேட்பதுதான் அதிகம். கண் ஊசியில் இருக்கும், அரிவாள்மனையில் இருக்கும். காது மட்டும் கதையில் இருக்கும்.

இதை நான் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. தினசரித் தொடர்கதை என்கிற இந்தச் சரக்கே ரேடியோவில் பிறந்ததுதான். 1930களில் அமெரிக்காவில், பகலில் வீட்டு வேலை செய்கிற பெண்களுக்காகச் சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய நாடகங்கள் அவை. சோப்பு நாடகம் என்ற பேர் வந்தது அப்படித்தான். 'கைடிங் லைட்' என்று ஒரு தொடர், 1937 ஜனவரியில் ரேடியோவில் ஆரம்பித்து, 1952ல் டிவிக்குப் போய், 2009 செப்டம்பரில்தான் நின்றது. 72 வருஷம். பாட்டி கேட்ட கதையைப் பேத்தி பார்த்திருப்பாள்.

காதுக்காகப் பிறந்த கதை என்பதால் அதற்கென்று சில பழக்கங்கள் வந்தன. "அப்போ நேத்து ராத்திரி பின்வாசல் வழியா வந்தது உன் அண்ணனா?" என்று ஒருத்தி கேட்பாள். நேற்றைய கதை அந்த ஒரு வரியில் வந்துவிடும். படித்தவர்கள் இதைத்தான் இழுவை என்று கேலி செய்வார்கள். எனக்கு அது இழுவையாகத் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கியதால் நடுவில் நாலு வசனத்தை விட்டவளுக்கு அது கை கொடுப்பது.

இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், அந்த வசனத்தை எடுத்துவிட்டு இழுவையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார். சுற்றி நிற்கிற ஏழு பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். பின்னால் டமால் டமால் என்று சத்தம். ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அடுக்களையில் இருக்கிறவளுக்கு அந்த டமால் மட்டும்தான் கேட்கும். யாரோ செத்துவிட்டார் என்று ஈரக்கையோடு ஓடி வந்து பார்த்தால், மருமகள் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்திருக்கும். இப்படி நாலு தடவை ஏமாந்தவள் ஐந்தாம் தடவை ஓடி வரமாட்டாள். கொஞ்ச நாளில் டிவியே போடமாட்டாள்.

ஏன் இப்படி எடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. வாரத்தில் ஆறு நாள், விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்கு மேல் கதை நிரப்ப வேண்டும். வசனம் என்றால் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், நடிகர் அதை மனசில் வாங்க வேண்டும். முறைப்பதற்கு இரண்டும் வேண்டாம். நேரம் மிச்சம், காசும் மிச்சம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத துக்கம். அதைப் பற்றி நான் எந்த வாயால் பேச. மலையடிவாரத்தில் எங்களுக்கு ரப்பரும் வாழையும் கரண்டு போஸ்டும் ஒன்றாகச் சாய்ந்தன. பல நாள் கரண்டு இல்லை. வந்த பிறகும் எங்கள் வயரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. லைன் கொடுத்த அன்றைக்கு ஒரு அக்கா வீட்டில் சீரியல் ஓடியது. பத்துப் பன்னிரண்டு நாள் கதை போயிருக்குமே, விளங்குமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு மாடிப்படியில ஏறிட்டு இருந்தா. இப்பதான் மேல போய் சேந்திருக்கா."

சிரிப்புக்குச் சொன்னாலும் அந்த அக்காவுக்குக் கோபம்தான். காற்றும் மழையும் தன் வீட்டைப் புரட்டிப் போட்ட பன்னிரண்டு நாளில் அந்தக் கதை ஒரு படிக்கட்டுத்தான் நகர்ந்திருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு தனிக் கதையும் உண்டு. 1956ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்றாலும், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் மலையாளமும் சோறு போல. கேபிள் வருவதற்கு முன்னால் எங்கள் ஆன்டெனா எல்லாம் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். அதனால் இங்கே ஒரு வீட்டில் மத்தியானம் தமிழ், ராத்திரி மலையாளம் என்று கலந்து ஓடும். ஏசியாநெட் என்கிற மலையாளச் சேனலில் 'கருத்தமுத்து' என்ற தொடர் வந்தது 2014ல். அதையே தமிழில் 'பாரதி கண்ணம்மா' என்று விஜய் டிவியில் 2019ல் ஆரம்பித்தார்கள். மதுரையில் இருக்கிறவருக்கு அது புதுக் கதை. எங்கள் அருமனைக்காரிக்கு அது ஏற்கெனவே அழுது முடித்த கதை. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிவு தெரிந்த கதையை ஜனங்கள் பார்க்கமாட்டார்கள் என்பது தப்பு. தோல்பாவைக் கூத்தில் ராமர் ஜெயிப்பார் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்?

அவர்கள் பொறுமை எங்கே போனது என்றால் அந்த டிஎன்ஏ டெஸ்டில்தான். கதையில் பாரதி ஒரு டாக்டர். தன் பிள்ளையா என்று சந்தேகப்பட்டு மனைவியை விரட்டுகிறவர், ஒரு பரிசோதனை செய்து பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதை வருஷக்கணக்கில் தள்ளினார்கள். நடுவில் கண்ணம்மாவாக நடித்தவரும் மாறினார். அந்தக் காலத்தில் நான் மாசக் கலெக்‌ஷனுக்குப் போனால் படி ஏறும்போதே கேள்வி வரும்: "ஏன் அண்ணே, அவன் நெசமாவே டாக்டருக்குத்தான் படிச்சானா?" கதாநாயகன் கெட்டவனாக இருக்கலாம், முரடனாக இருக்கலாம், ஜனங்கள் தாங்குவார்கள். கதையை நீட்டுவதற்காக அவனை முட்டாளாக்கினால் அது பார்க்கிறவர்களை முட்டாளாக்குவது. அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று 'பரஸ்பரம்'. அதுவும் ஏசியாநெட்தான், 2013லிருந்து 2018 வரை. ஒரு சாதாரண இனிப்புக் கடைக்காரர் வீட்டு மருமகள் படித்து ஐபிஎஸ் அதிகாரி ஆகிற கதை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போல நினைத்தார்கள். பிஎஸ்சி நர்சிங் படிக்க மகளை அனுப்பும்போது அவள் பேரைச் சொல்லி அனுப்பிய வீடு எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கடைசி நாளில், வயிற்றுக்குள் வெடிகுண்டு மாத்திரை போய், புருஷனும் பெண்டாட்டியும் வெடித்துச் சாகிற மாதிரி முடித்தார்கள். கேரளம் முழுக்க அதை வைத்துச் சிரித்தது. சிரித்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போனில் பார்த்தவர்கள். ஐந்து வருஷம் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆள் மாறுவதை எல்லாம் ஜனங்கள் வெறுக்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். 'பாரதி கண்ணம்மா' மாதிரி 'எதிர்நீச்சல்' தொடரும் ராத்திரித் தொடர்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் அதில் நடித்துக்கொண்டிருந்த மாரிமுத்து இறந்துபோனார். அன்றைக்குச் சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது எங்கள் ஊர். அவருக்குப் பதில் வேல ராமமூர்த்தி வந்தபோது ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. சாவுக்கு யார் என்ன செய்ய முடியும். ஆனால் ஒரு அம்மா சொன்னது மறக்காது: "மூஞ்சி மாறினது பரவாயில்ல. அந்தச் சத்தம் கேக்கல்லியே." காதுக்காரர்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, எல்லாப் பழியையும் கதை எழுதுகிறவர் தலையில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2016ல் ஜியோ வந்து டேட்டா தண்ணீர் மாதிரி ஆன பிறகு, மத்தியானம் விட்டதை ராத்திரி போர்வைக்குள் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற ரேட்டிங் கணக்கு வேறு விஷயம். பார்க் என்கிற அமைப்பு அதை எடுக்கிறது. 2020ல் நாட்டில் டிவி இருந்த வீடுகள் சுமார் 21 கோடி. அதில் அந்தக் கணக்கெடுக்கிற மீட்டர் வைத்தது 44,000 வீட்டில். எந்த வீடு என்பது ரகசியம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டு டிவிக்குப் பின்னால் தலையை விட்டிருக்கிறேன், ஒரு மீட்டரைக்கூட நான் கண்டதில்லை. ஆக, புள்ளி இறங்கினால் கதை பிடிக்காமல் இறங்கியதா, போனுக்குப் போனதால் இறங்கியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

காசும் ஒரு காரணம். 2019 பிப்ரவரியில் டிராய், அதாவது மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதுக் கட்டண முறை கொண்டுவந்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனலுக்குத் தனித்தனியாகக் காசு. இரண்டு மொழி பார்த்த வீடுகளில் அன்றைக்கு ஒரு சண்டை. மாமியாருக்கு மலையாளம், மருமகளுக்குத் தமிழ். எது வெட்டுப்பட்டது என்று கேட்டால், அந்த வீட்டில் யார் கை ஓங்கியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் முன்கூட்டி நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே பத்துக்கு மேல் பகல் தொடர்கள் ஓடின. பெண்கள் வேலைக்குப் போனார்கள், சேனல்கள் பெருகின. 1995ல் ஓ. ஜே. சிம்ப்சன் என்கிற பேர்பெற்ற விளையாட்டு வீரர் மேல் வந்த கொலை வழக்கு விசாரணையை மாசக்கணக்கில் பகலில் நேரடியாகக் காட்டினார்கள். தொடர் தடைப்பட்டபோது போனவர்கள் பலர் திரும்பவில்லை. 'கைடிங் லைட்' செலவைக் குறைக்க 2008ல் சின்னக் கேமராவைக் கையில் பிடித்து, ஊருக்குள் போய் எடுத்தது. பழைய வீட்டை இழந்த மாதிரி இருந்திருக்கும் பார்த்தவர்களுக்கு. அடுத்த வருஷம் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் போனும் காசும்தான் காரணம் என்று முடிக்க எனக்கு மனசில்லை, அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று, புதுச் சரக்கு தீர்ந்து, பழைய 'மெட்டி ஒலி'யை மறுபடியும் போட்டார்கள். 2002ல் ஆரம்பித்த தொடர். படம் மங்கல், உடுப்புப் பழசு. கையில் போனும் இருந்தது, வீட்டில் ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் அதை உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு அந்த மாசங்களில் கதையைப் பற்றி ஒரு புகார் போன்கூட வரவில்லை. அதில் ஆட்கள் பேசுவார்கள். அப்பா பேசுவார், மகள் பதில் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி நடுவில் நுழைவாள். சமையல்கட்டிலிருந்து அத்தனையும் கேட்கும்.

சமீபத்தில் கலெக்‌ஷனுக்குப் போனபோது, மூஞ்சி மாறிவிட்டது என்று போன் செய்த அதே பாட்டி, பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு தராமல் நின்றார். "மக்கா, ராத்திரிக்கு உள்ளதை வச்சுக்கோ. மத்தியானத்துக்கு உள்ளதை மட்டும் கட் பண்ணிரு" என்றார். அப்படி நேரம் பார்த்து வெட்ட முடியாது பாட்டி, சேனல் என்றால் முழுசாகத்தான் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ பாதிப் பைசா வாங்கிட்டுப் போ."

வணக்கம்.