நாற்காலியில் பிறந்த கதைகள் அல்ல

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அரசியல் திகில் நாவல் என்றாலே வாசகர் நினைவுக்கு வரும் பெயர்களில் முன்வரிசையில் நிற்பவர் பிரிட்டனின் ஃபிரெடெரிக் ஃபோர்சைத். 2025 ஜூன் 9 அன்று, 86 வயதில் காலமானார். அவருடைய புத்தகங்கள் ஏழு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. அந்த வெற்றிக்குக் காரணம் கற்பனை வளமா, களத்தில் பெற்ற அனுபவமா என்பதுதான் இன்றைய வழக்கு. களமே என்று வாதிட நான் எழுந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையான ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். "1962இல் பாரிசில் எத்தனையோ செய்தியாளர்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே தெருவில் நின்றார்கள், ஒரே செய்தியை அனுப்பினார்கள். ஃபோர்சைத் ஒருவர் மட்டும்தானே 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவலில் ஜாக்கல் என்ற கொலையாளியைப் படைத்தார்? அது கற்பனை இல்லாமல் வேறென்ன?" என்றார். கைதட்டலும் வாங்கினார். வாங்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

பாரிசுக்கே போவோம். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்த பிரெஞ்சு ஜனாதிபதி தெ கோலைக் கொன்றே தீர்வது என்று ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ஆயுத அமைப்பு கங்கணம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிசுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் அவருடைய சித்ரோவன் காரைத் தோட்டாக்கள் துளைத்தன. டயர்கள் வெடித்தன. ஓட்டுநர் காரை நிறுத்தாமல் ஓட்டிச் சென்றார். தெ கோலுக்கும் அவர் மனைவிக்கும் ஒரு கீறல்கூட இல்லை. திட்டம் தீட்டிய விமானப்படை அதிகாரி பாஸ்தியான் தீரி 1963 மார்ச் 11 அன்று மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது ஃபோர்சைத் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் இளம் செய்தியாளர். ஜனாதிபதி எங்கே போனாலும் பின்னால் போக வேண்டும். அடுத்த தாக்குதல் நடந்தால் அந்த நொடியில் செய்தி அனுப்ப வேண்டும். அந்தக் காத்திருப்பில் அவர் மெய்க்காவலர்களோடு பேச்சுக் கொடுத்தார். அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனித்தார். மெல்ல ஒரு விஷயம் பிடிபட்டது. ஓ.ஏ.எஸ். ஆட்கள் ஒவ்வொருவர் பெயரும் புகைப்படமும் அரசாங்கக் கோப்பில் இருந்தன. அமைப்புக்குள்ளேயே உளவாளிகள் ஊடுருவியிருந்தார்கள். ஆகவே உள்ளே இருப்பவன் எவனும் தெ கோலை நெருங்க முடியாது. யாருக்கும் தெரியாத, எந்தக் கோப்பிலும் இல்லாத, கூலிக்கு வேலை செய்யும் ஒரு வெளியாள் வந்தால் மட்டுமே முடியும்.

எதிரணித் தலைவரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "நேற்று என்ன நடந்தது?" என்பதைச் செய்தியாளர்கள் எல்லோரும் விசாரித்தார்கள். "இவர்கள் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் ஃபோர்சைத். ஜாக்கல் அந்த விசாரணையின் விடை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது வந்து விழுந்தவன் இல்லை.

அடுத்து, அந்த நாவலின் உடம்பைப் பாருங்கள். 1970 ஜனவரியில் அவர் அதை எழுதியபோது தெ கோல் உயிரோடு இருந்தார். பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. சாகாத மனிதரைக் கொல்லும் சதியில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. கடைசியில் ஹட்சின்சன் நிறுவனம் 1971இல் வெளியிட்டது. முடிவு முன்பே தெரிந்த கதையை உலகம் ஏன் தூக்கம் கெட்டுப் படித்தது? செய்முறைக்காகத்தான். கொலையாளி பாஸ்போர்ட் வாங்கும் பகுதி ஒன்று போதும். அவன் கிராமத்து மாதா கோயில் கல்லறைகளில் நடக்கிறான். தன் வயதை ஒட்டிப் பிறந்து, சிறு குழந்தையாகவே இறந்துபோன ஒரு பையனின் பெயரைத் தேடுகிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழின் நகல் வாங்குகிறான். அதை வைத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத ஓர் அரசாங்கத்தில் இது நடக்கும். உண்மையிலேயே நடந்தது! 1974இல் ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் எம்.பி., இறந்துபோன ஒருவர் பெயரில் பாஸ்போர்ட் வாங்கிவைத்துக்கொண்டு, மயாமி கடற்கரையில் துணிகளைப் போட்டுவிட்டுத் தான் மூழ்கிவிட்டதாக நாடகமாடினார். ஆஸ்திரேலியாவில் பிடிபட்டார். கற்பனையில் உதித்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த எம்.பி.யும் கடல் கடக்க முடியாது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் கிழக்கு பெர்லின் சம்பவத்தை எடுத்துப் போட்டு, "இவர் செய்தியாளராகவே தேறாதவர்" என்றார். சம்பவம் உண்மை. 1964இல் ஒரு நள்ளிரவில் கிழக்கு பெர்லினில் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஃபோர்சைத்தின் கண்ணெதிரே சோவியத் டாங்கிகளும் பீரங்கிகளும் அணியணியாகப் போயின. அதை அப்படியே செய்தியாக அனுப்பினார். மேற்குத் தலைநகரங்களில் அந்த இரவு பலர் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டார்கள். விடிந்த பிறகு பார்த்தால் அது மே தின அணிவகுப்புக்கான ஒத்திகை! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்களே, அந்தப் பாடம் இருபத்தைந்து வயதில் அவருக்கு உலகமே பார்க்கக் கிடைத்தது. அம்மையாரே, தாங்கள் தந்த சான்றை நான் எங்கள் அணிக்கு எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் ஒவ்வொரு நாவலுக்கும் மாதக்கணக்கில் அலைந்து சரிபார்த்த மனிதரை உருவாக்கியதில் அந்த இரவுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், நடுவர் ஐயா. மணியை அதற்குள் தொட்டுவிடாதீர்கள். பியாஃப்ராவைப் பற்றிப் பேசாமல் ஃபோர்சைத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

1967 மே 30 அன்று நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. தலைவர் ஒஜுக்வு. ஜூலையில் போர் தொடங்கியது. அப்போது பிபிசியில் வேலை பார்த்த ஃபோர்சைத் அங்கே அனுப்பப்பட்டார். போர் சில வாரங்களில் முடிந்துவிடும் என்று லண்டன் கணக்குப் போட்டது, முடியவில்லை. அவர் திரும்ப அழைக்கப்பட்டார். அந்தப் போரைத் தொடர்ந்து செய்தியாக்குவது நிறுவனத்தின் கொள்கை இல்லை என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகப் பின்னாளில் அவர் எழுதினார். பிரிட்டிஷ் அரசு நைஜீரிய ராணுவத்துக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். மாதச் சம்பளம், பெயர், பாதுகாப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1968இல் அவர் தன் பொறுப்பில் பியாஃப்ராவுக்குத் திரும்பினார்.

அங்கே அவர் பார்த்தது முற்றுகையிடப்பட்ட மக்களின் பட்டினி. புரதம் இல்லாமல் வயிறு வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, கால்கள் குச்சியாகிப்போன குழந்தைகள். குவாஷியோர்கர் என்ற நோயின் பெயரை உலகம் பத்திரிகைகளில் கற்றுக்கொண்டது அந்த 1968இல்தான். அந்தப் போரில் இறந்தவர்களின் எண்ணிக்கை பத்து லட்சம் என்பாரும் உண்டு, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. பெரும்பாலோர் பசியால் இறந்தார்கள். அவருடைய முதல் புத்தகம் இதைப் பற்றியது. 1969இல் வெளிவந்த 'தி பியாஃப்ரா ஸ்டோரி'. நாவல் இல்லை, தன் நாட்டு அரசாங்கத்தின் மீது கோபத்தோடு எழுதிய குற்றப்பத்திரிகை. அவர் ஒஜுக்வுவின் நண்பராகிவிட்டார், ஒருபக்கச் சார்பாக எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. சார்பு இருந்தது, மறுக்க மாட்டேன். குழந்தைகள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதரிடம் நடுநிலைத் தராசை எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிகிற தறுவாயில் லண்டனுக்குத் திரும்பியவரிடம் வேலை இல்லை, வீடு இல்லை, கையில் காசும் இல்லை. அரசாங்கத்தை எதிர்த்து எழுதியதால் கதவுகள் சாத்தியிருந்தன. நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, சமையலறை மேசையில் பழைய கையடக்கத் தட்டச்சுப்பொறியை வைத்து எழுத உட்கார்ந்தார். அதன் தகர மூடியில் ஒரு தோட்டா உரசிப்போன தடம் இருந்தது. பியாஃப்ராவில் கிடைத்த தடம். 35 நாட்களில் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது மர்மக்கதைகளுக்கான எட்கர் விருது வாங்கியது, 1973இல் திரைப்படமானது. 35 நாட்களில் ஒரு மனிதர் இத்தனை நுணுக்கமான நாவலை எழுத முடிந்தது கற்பனையின் வேகத்தாலா? எழுத வேண்டியது எல்லாம் பத்து ஆண்டுகளாக அவருக்குள் சேர்ந்து கிடந்தது. தட்டச்சு செய்ய மட்டுமே 35 நாட்கள் பிடித்தன.

எழுத்தாளராகும் ஆசை தனக்கு இருந்ததில்லை, கடனை அடைக்கவே எழுதினேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய சிறுவயது ஆசை வானத்தில் இருந்தது. 19 வயதில் பிரிட்டிஷ் விமானப்படையில் வாம்பயர் ஜெட் ஓட்டியவர். எதிரணித் தம்பி இதைத் தொட்டு, "தி ஷெப்பர்ட் என்ற ஆவிக்கதையை எழுதினாரே, ஆவியைக் களத்தில் பார்த்தாரா?" என்று கேட்டார். தம்பி, ஆவியைப் பார்க்கவில்லை. அந்த ஓட்டுநர் அறையைப் பார்த்திருந்தார். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில், வட கடலுக்கு மேலே, திசைகாட்டியும் வானொலியும் செத்துப்போன ஒற்றை இருக்கை விமானத்தில், கீழே மூடுபனி, எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பயத்தை நீங்கள் நம்பிவிட்டதால்தான் பின்னால் வரும் ஆவியையும் நம்புகிறீர்கள்.

கற்பனையை மட்டும் நம்பி அவர் எழுதிய நாவலும் ஒன்று உண்டு. எதிரணியினர் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1999இல் வந்த 'தி ஃபேன்டம் ஆஃப் மன்ஹாட்டன்'. பாரிஸ் இசை அரங்கில் முகமூடியோடு திரிந்த பழைய கதாபாத்திரத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் எழுதிய காதல் கதை. உளவுத்துறை இல்லை, ஆயுதம் இல்லை, விசாரணை இல்லை. அவருடைய மற்ற நாவல்களுக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. மறுபடியும் பழைய பாதைக்கே வந்து சேர்ந்தார்.

அந்தப் பழைய பாதை எப்படிப்பட்டது? 'தி ஒடெஸ்ஸா ஃபைல்' எழுதுவதற்கு முன் வியன்னாவில் நாஜிக் குற்றவாளிகளைத் தேடிவந்த சைமன் வீசன்தாலிடம் போனார். ரீகா நகர யூதர் சேரியின் தளபதியாக இருந்த ரோஷ்மன் என்ற உண்மையான கொலைகாரனின் பெயர் நாவலுக்குள் வந்தது அப்படித்தான். கூலிப்படையினர் பற்றிய அடுத்த நாவலுக்கு, ஆயுதம் எப்படி விலைபோகிறது என்று அறிய ஹாம்பர்க் போனார். தென்னாப்பிரிக்கர் என்று பொய் சொல்லி ஆயுத வியாபாரிகளுக்குள் நுழைந்தார். அந்த நேரம் பார்த்து ஜாக்கல் நாவலின் ஜெர்மன் பதிப்பு கடைக்கு வந்திருந்தது. புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், பின்னட்டையில் அவர் படம். வியாபாரி அதைப் பார்த்துவிட்டான். உடனே கிளம்பு என்று ஃபோனில் ஒரு குரல் எச்சரிக்க, ஃபோர்சைத் விடுதியிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் தாவி ஏறினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் வந்த தன்வரலாற்றில், பியாஃப்ரா நாட்களிலிருந்தே பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்.ஐ.6க்கு ஊதியம் இல்லாமல் உதவிவந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். பியாஃப்ராவின் நிலையை லண்டனுக்குப் புரியவைக்கவே அதைச் செய்ததாக அவர் தரப்பு. செய்தியாளர் ஒருவர் உளவு அமைப்புக்கும் தகவல் கொடுத்தால், அதே ஊரில் வேலை செய்யும் மற்ற செய்தியாளர்களின் உயிருக்கும் ஆபத்து. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவரை மதிக்கிறேன், இந்த இடத்தில் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அவருடைய உளவாளிகள் மற்றவர்களின் உளவாளிகளைவிட நிஜமாகத் தெரிவதற்குக் காரணம் கற்பனை என்று இதற்குப் பிறகும் எதிரணி சொல்ல முடியுமா?

கடைசியாக 2009 மார்ச். அவருக்கு 70 வயது. கோடிக்கணக்கில் புத்தகம் விற்றுவிட்டது. பேரும் இருந்தது, பணமும் இருந்தது. 'தி கோப்ரா' என்ற நாவலுக்காகக் கொக்கைன் கடத்தல் பாதையைப் பார்க்க வேண்டும் என்று மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவுக்குப் புறப்பட்டார். அவர் போய் இறங்கிய நேரத்தில் ராணுவத் தளபதி குண்டுவைத்துக் கொல்லப்பட்டிருந்தார். சில மணி நேரத்தில் ஜனாதிபதி வியேராவையும் கொன்றுவிட்டார்கள். ஃபோர்சைத் அந்த ஊரில் இருந்தபடியே அதைச் செய்தியாளர்களுக்குச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு நாவலுக்காக சோமாலியாவின் மொகதிஷுவுக்கும் போனார்.

நாற்காலியும் கற்பனையும் போதும் என்றால், எழுபது வயதில், எதற்கும் குறைவில்லாத அந்த மனிதர் பிசாவுக்கு ஏன் விமானம் ஏறினார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். வணக்கம்.